"ஆதாரம்: கூகுள்" என்று எழுதும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் "ஒரு எழுத்தாளரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் பிறந்த தேதி, பெற்றோர் பெயர், எழுதிய நூல்கள், வாங்கிய விருதுகள், இறந்த தேதி எல்லாம் அழகான கையெழுத்தில் வந்துவிடும். நடுவில் வெட்டி ஒட்டிய ஒரு படம் இருக்கும். கடைசி வரியில் "ஆதாரம்: கூகுள்". நாமும் ஒரு டிக் அடித்து "நன்று" என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் கொடுத்தேன். நான் சொல்லிக்கொடுக்காமல் விட்ட பாடம் முழுக்க அந்தக் கடைசி வரியில்தான் கிடக்கிறது என்பது உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

கூகுள் ஆதாரம் இல்லை, அது தபால்காரர். கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான், ஆனால் எழுதியது வேறு யாரோ. "ஊரில் கல்யாணம் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் "தபால்காரர் சொன்னார்" என்று யாரும் சொல்வதில்லை, "மாமா எழுதியிருந்தார்" என்றுதான் சொல்வோம். இதை இப்படிச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. மேற்கோள் குறிப்பு என்பதும் அவ்வளவுதான்: "உனக்கு எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்பதற்கு முன்பே எழுதிவைத்துவிடும் பதில். இந்த ஒரு கேள்வி மனதில் பதிவதற்கு முன்னால் கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே, எதைச் சாய்வெழுத்தில் போடுவது என்று ஆரம்பித்தால், பிள்ளைகளுக்கு அது ஒரு சடங்காகிவிடும். சடங்கை மதிப்பெண்ணுக்காகச் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

முதல் தவறு பெரும்பாலும் நம் பக்கம்தான். "வாழ்க்கை வரலாறு எழுதுக" என்று கொடுத்தால் பிள்ளை காப்பி அடிக்காமல் வேறு என்ன செய்யும்? அந்த வரலாறு ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கிறது, அதைப் பெயர்த்து எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அதற்குப் பதிலாக ஒரே பக்கத்தில் விடை கிடைக்காத கேள்வியாகக் கொடுங்கள். இவர் ஏன் புனைபெயரில் எழுதினார்? எழுதிய காலத்தில் வருமானம் எதிலிருந்து வந்தது? முதல் புத்தகம் வந்தபோது வயது என்ன, அதற்கு முன் எதிலெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்? புனைபெயர்க் கேள்வி எப்போதும் நன்றாக வேலை செய்கிறது. ஜார்ஜ் எலியட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு ஆண் என்று நினைத்திருந்த பிள்ளை, அவர் மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண் என்று தெரிந்ததும் "ஏன்?" என்று தானாகவே கேட்கும். இந்தப் பக்கம் பார்த்தால் சுஜாதா. எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் மனைவியின் பெயரில் எழுதினார். கேள்வி பிடித்துவிட்டால் தேடச் சொல்லி நாம் விரட்ட வேண்டியதில்லை.

சரி, எங்கே தேடுவது? எல்லோரும் திரையைத் தொடுவார்கள். நான் முதலில் அந்த எழுத்தாளரின் புத்தகத்தையே கையில் கொடுக்கச் சொல்வேன். தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முன்னுரை, பதிப்புரை, பின்னட்டை. கதையைத் தொடவே வேண்டாம், இவற்றை மட்டும் புரட்டிவிட்டு என்னென்ன தெரிந்தது என்று எழுதினாலே பாதிப் பக்கம் நிரம்பும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதில் பிள்ளைகள் விழட்டும் என்றே விடுவேன். பாரதியார் கவிதைத் தொகுப்பு ஒன்றின் பதிப்பாண்டு 2014 என்று இருந்தால் "பாரதியார் இந்த நூலை 2014-ல் எழுதினார்" என்று ஒருவராவது எழுதிவிடுவார். அவர் இறந்தது 1921-ல். தொண்ணூற்று மூன்று வருடம் கழித்து எழுத உட்கார்ந்தாரா என்று கேட்டதும் வகுப்பே சிரிக்கும். எழுதிய காலம் வேறு, முதலில் அச்சான காலம் வேறு, கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு வேறு என்பது அந்தச் சிரிப்போடு மண்டையில் ஏறிவிடும்.

அப்புறம் விக்கிப்பீடியா. அதைத் தொடவே கூடாது என்று சொல்கிற ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, தொடக்கூடாது என்றால் ஒளித்துவைத்துத் தொடுவார்கள். அதைக் கதவாக வைத்துக்கொள்ளலாம், வீடாக வைத்துக்கொள்ள வேண்டாம். கட்டுரையைப் படி, பிறகு அடியில் உள்ள குறிப்புகளுக்கு இறங்கு, அங்கே சொல்லியிருக்கும் புத்தகத்தையோ நாளிதழையோ தேடு, உன் குறிப்பில் அதை எழுது. ஆனால் அதை நீ உண்மையிலேயே திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்காத புத்தகத்தின் பெயரை அடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது "ஆதாரம்: கூகுள்" என்பதைவிட மோசம். அது அறியாமை, இது பொய்.

இதற்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2009 மார்ச்சில் மொரீஸ் ஜார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இசையமைப்பாளர் இறந்தபோது, டப்ளினில் ஒரு கல்லூரி மாணவர் அவர் சொன்னதாக ஒரு அழகான வாசகத்தைத் தானே கற்பனை செய்து விக்கிப்பீடியாவில் சேர்த்துவிட்டார். பத்திரிகைகள் சரிபார்க்கின்றனவா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆதாரம் இல்லை என்று விக்கிப்பீடியாக்காரர்கள் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் பல நாடுகளின் பத்திரிகைகள் அஞ்சலிக் கட்டுரையில் அந்த வாசகத்தை அச்சிட்டுவிட்டன. வாரக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை, அந்த மாணவரே எழுதிச் சொன்ன பிறகுதான் திருத்தினார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு நான் கேட்பது: அவர் எழுதிச் சொல்லாமல் இருந்திருந்தால்? பிறகு யாராவது அந்தப் பத்திரிகையையே ஆதாரமாகக் காட்டி அதே வாசகத்தை மறுபடியும் விக்கிப்பீடியாவில் சேர்த்திருக்கலாம், இல்லையா? பொய் ஒரு சுற்றுச் சுற்றிவந்து ஆதாரத்தோடு உட்கார்ந்துகொள்ளும். "பத்து இடத்தில் இருக்கிறது சார்" என்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தால் அது பத்து இல்லை, ஒன்று.

ஒரு இணையப் பக்கத்தை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது? பழைய முறையில் ஒரு கேள்விப் பட்டியல் கொடுப்பார்கள்: பக்கம் நேர்த்தியாக இருக்கிறதா, எழுதியவர் பெயர் உண்டா, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று. நேர்த்தியான பக்கத்தை இன்று யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம் என்பதால் அதில் பெரிய பயன் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் என்று 45 பேரை உட்காரவைத்து, முன்பின் தெரியாத தளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாணவர்களும் சரி, அறிஞர்களில் பலரும் சரி, அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சீக்கிரமே அதை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒருவர் நல்லவரா என்று அவரிடமே கேட்பதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். அதே வேலைதான். ஒரு வகுப்பு நேரம் முழுக்க இதை மட்டும் செய்யவைத்தாலும் வீணில்லை.

நான் அதிக நேரம் செலவிடுவது இரண்டு ஆதாரம் இரண்டு விதமாகச் சொல்லும் இடத்தில்தான். பாரதியார் இறந்தது எப்போது? செப்டம்பர் 11 என்று சில இடங்களில் இருக்கும், செப்டம்பர் 12 என்று சில இடங்களில் இருக்கும். பிள்ளைகள் உடனே "எது சார் சரி?" என்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். ஏன் இரண்டு இருக்கிறது என்று தேடவிடுங்கள். உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல். 11-ம் தேதி இரவு என்று பேச்சில் சொல்வதும் இயல்பு, கணக்குப்படி அது 12 என்பதும் உண்மை. இரண்டு தேதியும் சும்மா முளைக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த பிள்ளை "இறப்பு 12.9.1921" என்று மட்டும் எழுதாது, "11 என்றும் சொல்வதுண்டு, ஏனென்றால்" என்று ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதும். அந்த "ஏனென்றால்" வந்துவிட்டால் எனக்கு அதுதான் ஆய்வு.

அதே பாரதியில் இன்னொன்று: "யானை மிதித்து இறந்தார்." தாள்களில் இந்த வரி திரும்பத் திரும்ப வரும். திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. ஆனால் அதிலிருந்து பிழைத்து எழுந்து, ஈரோட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, பிறகுதான் நோயில் விழுந்து இறந்தார். கேட்டுக் கேட்டுப் பழகிய கதை என்பதாலேயே ஆதாரம் தேடத் தோன்றாத வரி இது. இங்கே முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்ற பிரிவைச் சொல்லிவிடலாம். அவரே எழுதியவை, அவர் காலத்துப் பத்திரிகைச் செய்தி, கூடவே இருந்தவர்கள் எழுதியவை எல்லாம் ஒரு பக்கம். அவற்றைப் படித்துவிட்டுப் பின்னால் வந்தவர்கள் எழுதிய நூல் மறுபக்கம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாரதியைப் பற்றி மனைவி செல்லம்மாவும் எழுதியிருக்கிறார், நண்பர் வ.ரா.வும் எழுதியிருக்கிறார். மிக நெருக்கமான சாட்சிகள்தான், ஆனால் பல வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதியது, நினைவு தேதிகளைக் கலைத்துப் போடும். நெருக்கமானவர் சொன்னால் குணத்துக்கு நம்பு, தேதிக்கு இன்னொரு இடத்தில் பார் என்று ஒரு கைக்கணக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆதாரமே இல்லாத தேதிகளும் உண்டு. ஷேக்ஸ்பியரின் பிறந்தநாள் ஏப்ரல் 23 என்று எங்கும் இருக்கும். கிடைத்திருப்பது 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் நடந்ததற்கான தேவாலயப் பதிவு மட்டும்தான், 23 என்பது மரபாக வந்த ஊகம். "தெரியாது" என்று எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று சொன்னதும் சில முகங்களில் வரும் ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும்.

பிரபல வாசகங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். படத்தின் மேல் எழுத்தாளர் முகமும் ஒரு பொன்மொழியும் போட்டு உலவுகிறதே, அதில் கணிசமானவை அவர் சொன்னதே இல்லை. சொன்னவையும் உருமாறியிருக்கும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இறந்துவிட்டார் என்ற வதந்திக்கு 1897-ல் அவர் ஒரு நிருபருக்கு எழுதிய பதிலில் இருந்தது, தன் மரணச் செய்தி ஒரு மிகைப்படுத்தல் என்பதுதான். இன்று எல்லோரும் சொல்வதில் "மிகவும்" என்று ஒரு சொல் கூடுதலாக ஏறியிருக்கிறது, அவருக்கே சொல்லிக்கொடுப்பதுபோல. மேற்கோள் குறிகளுக்குள் போட்டால் ஒரு சொல்கூட மாறக்கூடாது, எந்த நூலில் எந்தப் பக்கம் என்று காட்ட முடியாவிட்டால் குறிகளையே போடாதே. இந்த விதியில் மட்டும் நான் இறங்கி வருவதில்லை.

குறிப்பெடுப்பதற்கு வருவோம். ஒரே ஒரு பழக்கம்தான் கேட்கிறேன்: ஆதாரத்தின் விவரத்தை முதலில் எழுது, பிறகு குறிப்பை எழுது. பெரியவர்களே எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, கடைசி இரவில் "அந்தப் பக்கம் எங்கே போனது" என்று தேடுகிறோம். குறிப்பை எழுதும்போது புத்தகத்தை மூடிவிட வேண்டும், திரை என்றால் கவிழ்த்துவிட வேண்டும். மூடாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "வறுமையிலும் தளராத மனம் கொண்ட அக்கவிஞர், தம் எழுத்தால் மக்களிடையே விடுதலை வேட்கையை மூட்டினார்." பிள்ளை எழுதுவது: "ஏழ்மையிலும் தளராத உள்ளம் கொண்ட அந்தக் கவிஞர், தன் எழுத்தால் மக்களிடம் சுதந்திர தாகத்தை ஏற்படுத்தினார்." சொல்லுக்குச் சொல் மாற்றியாயிற்று, சொந்த நடை என்று உண்மையாகவே நம்பும். ஆள் அதேதான், சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார். மூடிவைத்துவிட்டு எழுதச் சொன்னால் வருவது: "அவருக்குப் பணக்கஷ்டம் இருந்தது. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. அதைப் படித்தவர்களுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று தோன்றியது." கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது, பரவாயில்லை, அது அந்தப் பிள்ளையின் வாக்கியம். இதற்கும் ஆதாரம் குறிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும், சொற்கள் உன்னுடையவை, செய்தி இன்னொருவர் தேடிக் கொடுத்தது. "பாரதியார் எழுத்துதான் நாட்டுடைமை ஆகிவிட்டதே" என்று விவரமான பிள்ளை ஒன்று கேட்கும். நாட்டுடைமை என்றால் அச்சிட அனுமதி வாங்க வேண்டாம் என்று பொருள், பெயர் சொல்ல வேண்டாம் என்று இல்லை. பாரதியார் ஒரு கவிஞர் என்பது போன்ற ஊரறிந்த விஷயத்துக்குக் குறிப்பு வேண்டாம். பக்கத்தில் இருப்பவன் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பானா என்று யோசித்தால் போதும்.

இப்போதுதான் வடிவம். மேற்கோள் குறிப்பை எழுத எம்எல்ஏ, ஏபிஏ, சிகாகோ என்று ஆங்கிலத்தில் வகுத்துவைத்த பல முறைகள் உண்டு, இந்த வயதில் எந்த முறை என்பது முக்கியமே இல்லை. யார் எழுதியது, என்ன தலைப்பு, யார் வெளியிட்டது, எப்போது, எந்தப் பக்கம். இந்த ஐந்தையும் இதே வரிசையில் எழுதினால் போதும். இணையம் என்றால் பக்க எண்ணுக்குப் பதில் முகவரியும், பார்த்த தேதியும். தேதி ஏன் என்றால் அந்தப் பக்கம் நாளைக்கு மாறலாம், காணாமலும் போகலாம். புத்தகத்துக்கு ஒரு முறை, இதழுக்கு ஒரு முறை, தளத்துக்கு ஒரு முறை என்று மனப்பாடம் செய்யவைப்பதை எம்எல்ஏ கையேடே 2016-ல் கைவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்பது கூறுகள் என்று மாற்றிக்கொண்டது. நாம் ஐந்தோடு நிறுத்திக்கொண்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த முறைகள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்லும்: "ஷேக்ஸ்பியர், வில்லியம்" என்பதுபோல. தமிழ்ப் பெயருக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால், முன்னெழுத்தில் இருக்கும் அப்பா பெயரோடு குழம்பிப்போகும். பாரதி என்பது குடும்பப் பெயரும் இல்லை, எட்டயபுரத்தில் சிறுவயதில் கிடைத்த பட்டம். தலைப்புப் பக்கத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுது, திருப்பிப்போடாதே என்பதுதான் நான் சொல்வது.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அவை இல்லாத நூலுக்கும் இருப்பதுபோல ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணோடு கச்சிதமாகக் குறிப்பு எழுதித் தரும். 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் அது தந்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்க்க, நீதிமன்றம் தேடிப்பார்த்தால் அப்படி வழக்குகளே இல்லை. 5,000 டாலர் அபராதம். படித்துப் பட்டம் வாங்கியவர்களே விழுந்த குழி என்பதால் பிள்ளைகளைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. எதைத் தேடலாம் என்று அதனிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் குறிப்பில் எழுதுவது கையால் தொட்டதாகவோ கண்ணால் பார்த்ததாகவோ இருக்க வேண்டும்.

எத்தனை ஆதாரம் கேட்பது? என் கணக்கில் ஆறாம் வகுப்புக்கு இரண்டு, அதில் ஒன்று அச்சுப் புத்தகம். ஏழில் மூன்று. எட்டில் எண்ணிக்கையைக் கூட்ட மாட்டேன், அவற்றில் குறைந்தது இரண்டு ஒன்றோடொன்று முரண்பட வேண்டும் என்று கேட்பேன். முரண்படுவதைத் தேடிப் போனால் நாலைந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

திருத்தும்போது எல்லாக் குறிப்பையும் சரிபார்க்க நமக்கு நேரம் கிடையாது. ஒவ்வொரு தாளிலும் ஏதோ ஒரு வரியின் கீழ் கோடு போட்டு "இதைக் காட்டு" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மறுநாள் புத்தகத்தைக் கொண்டுவந்து விரலை வைத்துக் காட்ட வேண்டும், அல்லது அந்த வரியை அடித்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பல நேரம் அவர்கள் எழுதிய பக்கத்தில் இல்லாமல் நாலு பக்கம் தள்ளி. பக்க எண்ணைத் திருத்தி எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவன் தாளில் எந்த வரிக்குக் கோடு விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கப் போய்விடுவார்கள்.